என் பேரில் ஒரு பணக்காரன்

பணக்காரர்கள் அதிக வரி கட்ட வேண்டும் என்று பதினெட்டு வருடமாக ரயிலில் பேசி வந்தவன் நான். மாரிக்குப்பத்தில் விடியற்காலை புறப்பட்டு பெங்களூர் போகும் வண்டியில், பின்னாலிருந்து மூன்றாவது பெட்டியில் எங்கள் கும்பலுக்கு நிரந்தரமான இடம் உண்டு. வண்டி பங்காருப்பேட்டை சேருவதற்குள் நான் பட்ஜெட் போட்டு முடித்துவிடுவேன். கோடிக்கு மேல் சம்பாதிக்கிறவனிடம் பாதியை வாங்கு, ஐந்து கார் வைத்திருப்பவனிடம் நாலு காரை வாங்கு, மிச்சமிருக்கும் காருக்குப் பெட்ரோல் போட மட்டும் பணம் விடு. இதனால் எனக்கு ‘நிதி மந்திரி’ என்று பேர். மந்திரியின் உத்தியோகம், பெங்களூரில் ஒரு குழாய்க் கிடங்கில் ஸ்டோர் கீப்பர்.

எதிர்க்கட்சி ஒருவர்தான். ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர்.

“பணக்காரன் மேல கை வச்சா அவன் கம்பெனிய இஸ்துக்கினு வேற ஊருக்குப் பூடுவான். அப்புறம் நீ இன்னா, வரிய துன்னுவியா?” என்பார்.

“போவட்டும்யா. மைன்ஸை மூடிக்கினு போனாங்களே, நாம செத்தா பூட்டோம்?”

“செத்துதான் பூட்டோம். நீ கவனிக்கல.”

பெட்டி சிரிக்கும். என் பக்கத்து வீட்டு அக்கா மட்டும் சிரிக்காமல் மடியில் பூண்டு உரித்துக்கொண்டிருப்பார். பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் தரை துடைக்கிற வேலை. போகிற வழியில் சமையல் வேலை பாதியை முடித்துவிடுகிற கெட்டிக்காரி. அவர் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், கோலார் தங்கச் சுரங்கத்தில் பாறை துளைக்கும் டிரில்லராக இருந்தவர். சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் கல்தூள் அவர் நெஞ்சை விட்டு வெளியே வரவில்லை.

ஒருநாள் அக்கா கேட்டார். “தம்பி, அந்த வரிய வாங்கி இன்னா பண்ணுவாங்க?”

“ரேஷன், ஸ்கூலு, ஆஸ்பத்திரி. எல்லாம் அதுலதான்க்கா.”

“எங்க ஊட்டுக்காரருக்கு கார்டுல வைத்தியம் பாக்கறாங்களே, அதுவா?”

“அதுவுந்தான்.”

“அப்ப கட்டச் சொல்லு. நல்லா கட்டச் சொல்லு,” என்று சொல்லிவிட்டு அடுத்த பூண்டை எடுத்தார். பதினெட்டு வருடத்தில் என் கட்சியில் சேர்ந்த முதல் உறுப்பினர் அவர்தான்.

அப்படியிருக்க, ஒரு சனிக்கிழமை எனக்கு வருமான வரி நோட்டீஸ் வந்தது.

தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “இன்னாண்ணா, பெரிய ஆளாயிட்டீங்க,” என்றார். உறையைப் பிரித்தேன். பேத்தமங்களா பக்கத்தில் நாற்பத்தெட்டு லட்சத்துக்கு நான் நிலம் வாங்கியிருக்கிறேனாம். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். அவர்கள் மரியாதைதான் என்னைக் கொன்றது. டேய் என்று கூப்பிட்டிருந்தால் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

என்ன செய்தேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. முதலில் கதவைத் தாழிட்டேன். பிறகு, ரெய்டு வந்தால் எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போவார்கள் என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். குக்கர், டேபிள் பேன், மகளின் பழைய சைக்கிள். சுவரை இடித்து ரகசிய அறை தேடினால் பக்கத்து அக்காவின் சமையலறைதான் வரும், ஏனென்றால் நாங்கள் இருப்பது லைனில். ஒரே கூரைக்குக் கீழே தொழிலாளிகளுக்காகக் கம்பெனி ஒட்டி ஒட்டிக் கட்டின வீடுகள். வருகிற அதிகாரிகள் உட்கார நாற்காலி ஒன்றுதான் இருக்கிறதே என்றுகூடக் கவலைப்பட்டேன். பிறகு நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டேன். போட்டோ எடுத்தால் பேப்பரில் வருமே. கடைசியாக நோட்டீஸை அரிசி டிரம்மில் புதைத்தேன்.

அரிசி டிரம்மில் புதைத்தால் எத்தனை மணி நேரம் தாங்கும்? மத்தியானம் உலை வைக்கும்போது மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

“இன்னா இது, அரிசில கடுதாசி?”

“எல்.ஐ.சி.”

அவள் என்னைவிட நன்றாகப் படிப்பாள். “நாப்பத்தெட்டு லட்சமா? எங்க வச்சிக்கீற?” என்றாள். சற்று யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “எவளுக்கு வாங்கிக் குடுத்த?” என்றாள்.

நெருக்கடியான அந்த நேரத்திலும் ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை. என்னைப் பார்த்து அப்படியொரு சந்தேகமும் ஒருத்திக்கு வருகிறதே.

விஷயம் இதுதான். எங்கள் லைனில் கேஜ் கையெழுத்து என்று ஒரு வழக்கம். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கூண்டுதான் கேஜ். கூட்டுறவு சொசைட்டியில் ஒருவன் கடன் கேட்டால், கேஜில் அவனோடு தோள் உரசி நிற்பவன் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். என்ன ஏது என்று கேட்கக் கூடாது. கேட்டால் மறுநாள் கேஜில் உன் பக்கத்தில் யாரும் நிற்கமாட்டார்கள். கேஜ் போனது, அது இறங்கின ஷாப்ட் மூடியது, உள்ளே தண்ணீர் நிறைந்தது. கையெழுத்து மட்டும் பிள்ளைகளிடம் தங்கிவிட்டது. உன் அப்பனும் என் அப்பனும் ஒரே கேஜ் என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் பேனாவை எடுத்துவிடுவோம். உலகத்தில் வேறெங்கும் இப்படிப்பட்ட முட்டாள்கள் இருக்கமாட்டார்கள்.

எங்கள் லைனிலேயே பிறந்து, காண்ட்ராக்ட் எடுத்து, பூதிகோட்டை பக்கம் ஜல்லி கிரஷர் போட்டு, லேஅவுட் விற்று வளர்ந்த ஒருவன் இருக்கிறான். எனக்குச் சமவயது. அவன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே கேஜ். நாலு வருடத்துக்கு முன்னால் வந்து, “ஒரு சைன் மச்சான்,” என்றான். பங்காருப்பேட்டை பதிவு அலுவலகத்தில் போய்ப் போட்டேன். அந்த சைனில்தான் பேத்தமங்களா நிலம் என் பேருக்கு வந்தது. அந்த மாதம் என் மகளின் நர்சிங் காலேஜ் முதல் வருடக் கட்டணத்தை அவன் கட்டினான். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கிளம்பும்போது, “இன்னொரு நம்பிக்கையான ஆள் வேணும், பான் கார்டு இருந்தா போதும்,” என்றான்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டு அக்காவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். “எதுக்கு தம்பி?” என்று கேட்டார். “சும்மா ஒரு ஜாமீன்தான்க்கா. அவங்கப்பா நம்ம அண்ணன்கூட ஒரே கேஜ்ல எறங்கனவரு,” என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அவருக்கு ஒரு கிரைண்டர் கிடைத்தது.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு கிரஷருக்கு ஓடினேன். ஏசி அறையில் உட்கார்ந்திருந்தான்.

“இன்னா மச்சான், மூஞ்சி வெளுத்துக் கீது?”

காகிதத்தை நீட்டினேன். அதைப் பாதிகூடப் படிக்கவில்லை.

“இதுக்கா? ஆடிட்டர் டைம் கேட்டு எழுதுவாரு. அப்புறம் தக்காளி போட்டேன், சம்பாதிச்சேன், நிலம் வாங்கனேன்னு ஒரு பதிலு. விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. தெரியுமில்ல?”

“நீயே உன் பேர்ல வாங்கி, வரிய கட்டிட்டா இன்னா?” என்று கேட்டுவிட்டேன். பதினெட்டு வருடப் பழக்கம், வாய் தானாகப் பேசிவிட்டது.

அவன் கோபப்படவில்லை. “கட்னா எங்க போவுது? எவனோ டெல்லில கார் வாங்குவான். நான் கட்டாத காசுல நம்ம அம்மன் கோயிலுக்குத் தேர் செஞ்சேன். பசங்களுக்கு வருஷா வருஷம் நோட்டு குடுக்கறேன். உன் பொண்ணுக்கு பீஸ் யார் கட்னது, கெவர்மெண்டா? நான் கட்னேன். எங்கிட்ட வாங்கி அவங்க குடுக்கறத்துக்கு நானே குடுத்துட்டுப் போறேன். நடுவுல அவன் எதுக்கு?”

ரயிலில் இதே கேள்விக்கு நான் அரை மணி நேரம் பதில் சொல்வேன். அங்கே என் மகளின் பேச்சு வந்ததும் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். “சாப்புட்டுப் போ,” என்றான். பிரியாணி வந்தது. நிதி மந்திரி லெக் பீஸைக் கடித்தபடி, இவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதோ என்று யோசித்தார். பயம் தெளிந்தவன் வயிறு எதையும் செரித்துவிடும்.

இரண்டு வாரம் நன்றாகத் தூங்கினேன். பிறகு ஒருநாள் ரேஷன் கடையிலிருந்து அக்கா காலிப் பையோடு திரும்பி வந்தார். லைன் முழுக்கக் கேட்கும்படி என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இங்க வா! என் பி.பி.எல் கார்டு கேன்சலாம். நான் வருமான வரி கட்றவளாம்! பணக்காரங்க கட்டணும் கட்டணும்னுக்கினே இருந்தியே, பாரு, என்னையே புடிச்சுட்டாங்க!”

லைனே சிரித்தது. குழாயடியில் குடம் வைத்திருந்தவர்கள் சிரித்தார்கள். உள்ளே கட்டிலில் இருந்த அவர் வீட்டுக்காரர் சிரிக்கப்போய் இருமினார். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது நான்தான். எனக்கு மட்டும்தான் அது ஜோக் இல்லை என்று தெரியும்.

அடுத்த திங்கள் லீவு போட்டு அவரைக் கோலாருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உணவுத்துறை அலுவலகத்தில் குமாஸ்தா கம்ப்யூட்டரைப் பார்த்து, “ரிட்டர்ன் ஃபைல் ஆகிதெயம்மா. ஜமீனு நிம்ம ஹெஸரல்லே இதெ,” என்றார். வரிக் கணக்கு தாக்கல் ஆகியிருக்கிறது, நிலம் உங்கள் பேரில்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

அக்காவுக்குக் கன்னடம் நன்றாக வரும். “என் பேர்ல நிலமா? எந்த ஊர்ல?” என்று என்னைப் பார்த்தார். “அன்னிக்கு நீ கூட்டிக்கினு போனியே, அதுவா?”

“இல்லக்கா. அது வேற. இது கம்ப்யூட்டர் தப்பு,” என்றேன்.

அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை இன்று வரை என்னால் ஜோக்காக மாற்ற முடியவில்லை. முயற்சி செய்து பார்த்துவிட்டேன்.

அந்த மாதக் கடைசியில் அண்ணனுக்கு மூச்சு முட்டியது. எப்போதும் போகிற தனியார் ஆஸ்பத்திரியில், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கான அதே கார்டின் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது செல்லாது, பணம் கட்டிப் பார்க்கலாம்,” என்றார்கள். அவர்கள் ஒன்றும் அநியாயம் செய்யவில்லை. பணம் இருப்பவர்களைப் பணம் கட்டச் சொன்னார்கள். என் கட்சிக் கொள்கையும் அதுதானே. ஒருநாள் படுக்கைக்கு அக்காவின் பாதி மாதச் சம்பளம். அவர் கைப்பையைத் திறந்து பார்த்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தார்.

நான் வெளியே போய் அவனுக்குப் போன் செய்தேன். வேறு யாருக்குச் செய்வேன்?

அவனே வந்தான். பெரிய வண்டியில். ரொக்கமாகக் கட்டினான். வார்டில் எல்லாரும் பார்க்க அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான். மூன்றாம் நாள் வீட்டுக்கு ஆக்சிஜன் மிஷின் ஒன்றை அனுப்பினான். அதன் முதுகில் அவன் போட்டோ போட்ட ஸ்டிக்கர். அக்கா அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார். “நல்லா இருக்கணும்பா நீ. உங்கப்பா மாதிரியே கீற,” என்றார்.

நான் சுவரோரம் நின்று பார்த்தேன். கார்டு இருந்தபோது இதே அக்கா இதே ஆஸ்பத்திரியில், “இன்னா சிஸ்டர், எவ்ளோ நேரம் ஒக்கார வைப்பீங்க?” என்று சத்தம் போடுவார். அது அவருடைய உரிமை, யாரையும் கும்பிட வேண்டியதில்லை. அன்று அவர் சத்தம் போடவில்லை. கிரஷரில் அவன் கேட்ட கேள்விக்கு அங்கேதான் எனக்குப் பதில் கிடைத்தது. நடுவில் அவன் எதுக்கு என்றானே, இதற்குத்தான். எவன் கொடுத்தான் என்றே தெரியாமல் வாங்கிக்கொண்டால் கழுத்து நிமிர்ந்திருக்கும். ஒருத்தனிடம் பறித்துவிட்டு அதில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தால், பறிகொடுத்தவன் கும்பிட வேண்டியிருக்கிறது. பணக்காரன் அதிகம் கட்ட வேண்டுமா, குறைவாகக் கட்ட வேண்டுமா என்பதெல்லாம் அப்புறம். முதலில் தன் சொந்தப் பேரில் கட்டட்டும்.

இதெல்லாம் புரிந்த பிறகும் எனக்கு வாய் திறக்க இன்னும் எட்டு நாள் ஆயிற்று. மருந்து வாங்கப் போன இடத்தில், டீக்கடை பெஞ்சில், பட்டப்பகலில் சொல்லிவிட்டேன். நிலம், நோட்டீஸ், அவன் ஆடிட்டர் அக்கா பேரில் போட்ட ரிட்டர்ன், எல்லாம். கம்ப்யூட்டர் தப்பு என்று சொன்னது பொய் என்பதையும்.

அக்கா டீயை முழுசாகக் குடித்துவிட்டுக் கேட்டார். “எவ்ளோ வரி கட்டினேன் நானு?”

“ஒரு ரூபாகூட இல்லக்கா. விவசாய வருமானம்னு எழுதிக்கீறாங்க.”

“வரி கட்டல. ஆனா வரி கட்றவ.”

“ஆமாக்கா.”

“இன்னா வெளஞ்சுதாம் என் நிலத்துல?”

“தக்காளி.”

“தக்காளியா!” என்றார். “தக்காளி விக்கிற வெலைக்கு நான் பத்து நாளா வெறும் புளியக் கரைச்சுக்கினு கீறேன்.” சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். என்னைத் திட்டினாலும் பரவாயில்லை என்று இருந்தது. இரண்டும் செய்யவில்லை.

“நான் உண்மைய எழுதிக் குடுத்துடறேன்க்கா. ரெண்டு பேர் பேர்லயும். பினாமின்னு. கார்டு திரும்ப வரும்.”

“எப்ப வரும்?”

“அது… விசாரிப்பாங்க. ஆறு மாசமோ, ஒரு வருஷமோ.”

“அந்த மிஷினு?”

“எடுத்துக்கினு பூடுவான்.”

“அப்ப எழுதாத,” என்றார். “அவரு மூச்சு வுடற வரைக்கும் எழுதாத.”

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லட்டுமா? முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. அவர் கணவரின் மூச்சு என் பயத்துக்கு நல்லதொரு சாக்காகிவிட்டது. ஆடிட்டர் ஒருமுறை டைம் கேட்டார், இன்னொருமுறையும் கேட்டார். ஒவ்வொரு முறையும் அண்ணனின் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதில் பாதி வேண்டுதல் எனக்காக.

ஐந்து மாதம் அந்த மிஷின் ஓடியது. எங்கள் வீட்டுச் சுவர் வழியாக அதன் உறுமல் கேட்டுக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் நின்றுவிடும். நின்றதும் நானும் என் மனைவியும் ஓடிப்போய் விசிறுவோம். விசிறினால் ஒன்றும் ஆகாது என்று எல்லாருக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். “வுடுப்பா, கை வலிக்கப் போவுது,” என்று சைகை காட்டுவார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கரண்ட் இருக்கும்போதே, மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். அக்கா பெங்களூரில் யாரோ ஒருவரின் மேஜைக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்தார். நான்தான் போன் செய்தேன்.

காண்ட்ராக்டர் தாரை தப்பட்டை செலவை ஏற்றுக்கொண்டான். ஆளுயர மாலை போட்டான். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர். அதில் செத்தவரின் படம் உள்ளங்கை அகலம், அஞ்சலி செலுத்துகிறவன் படம் ஆள் அகலம். வந்தவர்கள் எல்லாரும், “யாருங்க இப்பிடி செய்வாங்க இந்தக் காலத்துல?” என்றார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் காலையில் அக்கா மிஷினைத் துணியால் துடைத்து, ஆட்டோவில் ஏற்றி, தானே பூதிகோட்டைக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார். கூடவே கிரைண்டரையும். அந்த ஆட்டோவை அனுப்பாமல் வாசலிலேயே நிறுத்திவிட்டு என் வீட்டுக்குள் வந்தார்.

“எழுது,” என்றார்.

நான் எப்படிப்பட்ட வீரன் என்பதற்கு அடுத்த அரை மணி நேரமே சாட்சி. இன்றைக்கு செவ்வாய்க்கிழமை என்றேன். பேனாவில் மை இல்லை என்றேன். வயிறு சரியில்லை என்று உள்ளே போய்விட்டு வந்தேன், அது மட்டும் நிஜம். மகளுக்குக் கடைசி வருடக் கட்டணம் பாக்கி இருக்கிறது என்றேன். கடைசியில் உண்மையான பயத்தைச் சொன்னேன். “அக்கா, ஆடிட்டர் இன்னா சொன்னாரு தெரியுமா? பேர் குடுத்தவனும் குத்தவாளிதானாம். நாம ரெண்டு பேரும் மாட்டிக்குவோம்.”

“என் கார்டு பூட்டுது. என் ஆளும் பூட்டாரு. இன்னும் எதுல மாட்றது?”

என் மனைவி வெள்ளைத்தாளும் மகளின் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள்.

எழுதினேன். நிலம் எங்களுடையது அல்ல, பணம் எங்களுடையது அல்ல, தக்காளியை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. யாருடையது என்று அவன் பேரையும் எழுதினேன். அவன் இனிஷியலைக்கூட விடவில்லை. அக்காவின் மனுவையும் எழுதிப் படித்துக் காட்டினேன்.

“கையெழுத்துப் போட யார் கூட்டிக்கினு போனாங்கன்னு இல்லியே,” என்றார்.

“அதுவும் போடணுமாக்கா?”

“போடு.”

என்னைக் குறித்து நானே எழுதிய குற்றச்சாட்டு அழகான கையெழுத்தில் இருந்தது. அவர் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு எழுத்தாக, நேரம் எடுத்துக்கொண்டு.

அதே ஆட்டோவில் பங்காருப்பேட்டை போய், பஸ் மாறி, வரி அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இரண்டையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இதைக் கொடுத்தா திரும்ப வாங்க முடியாது. உங்க ரெண்டு பேரையும் கூப்பிடுவாங்க. தெரியுமில்ல?” என்று தமிழிலேயே கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று அந்த இடத்திலும் ஒரு நப்பாசை.

“தெரியும். முத்திரை போட்டு எனக்கொரு காப்பி குடுங்க,” என்றார் அக்கா.

முத்திரை விழுந்தது. காப்பியை நாலாக மடித்து, கார்டு இருந்த பர்ஸில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்தேன். கீழே நின்று எனக்காகக் காத்திருந்தார்.

“பயமா கீதா?”

“ஆமாக்கா.”

“இருக்கட்டும்,” என்றார். பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.